டவர் இல்லாத இடம்

டவர் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் சத்தியசீலன் அந்தத் தோட்டத்தை வாங்கினான். மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர், ஒரு கிணறு, ஓட்டு வீடு. “இனிமேலாவது நம்ம பொண்ணு நம்மகிட்ட பேசட்டும்” என்று மனைவி ரேணுகாவிடம் சொல்லிவிட்டு நகரத்து வீட்டை விற்றான்.

நகரத்தில் எல்லாப் பிள்ளைகளையும் போலத் தன்யாவுக்கும் ஒன்றரை வயதிலேயே காதுக்குள் கருவி பொருத்தியிருந்தார்கள். யார் என்ன கேட்டாலும் அது பதிலைக் காதில் சொல்லும். அவள் அதை அப்படியே சொல்வாள். ஒன்பது வயதுக்கு என்ன தெளிவான பேச்சு என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள்.

தோட்டத்துக்கு வந்து மூன்று நாளாக அவள் வாயே திறக்கவில்லை.

“புது இடம்ல, கூச்சப்படறா. சரியாயிடும்” என்றான் சத்தியசீலன்.

நான்காம் நாள் காலையில், கிணற்றுப் பக்கமிருந்து தள்ளாடி நடந்து வந்து அவன் முன்னால் நின்றாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. கண் செருகிக்கொண்டு வந்தது.

“என்னடா தங்கம், என்ன ஆச்சு? எங்க வலிக்குது? அப்பாகிட்ட சொல்லு.”

தன்யா வாயைத் திறந்தாள். ஒரு விரலால் காதை அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

ரேணுகா ஓடி வந்து நெற்றியைத் தொட்டாள், வயிற்றைத் தொட்டாள். பிள்ளை கால் மடங்கிச் சரிந்தபோதுதான் பாவாடை விலகிக் கெண்டைக்கால் தெரிந்தது. பாம்பின் பல் பட்ட இரண்டு புள்ளிகளைச் சுற்றி வீங்கிக் கறுத்திருந்தது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட, போனைக் காதில் வைத்துக்கொண்டு சத்தியசீலன் மேட்டுக்கு ஓடினான். அதில் ஒரு சத்தமும் இல்லை. அம்மாவின் மடியில் தன்யா, காதிலிருந்து விரலை எடுக்காமல், இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.