மச்சான் தொட்ட ரேசர்

“அந்தக் கையால என் வீட்டு ரொட்டியை எடுக்காத. கீழ வை.”

ரத்வான் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அக்காள் புருஷன் ஷவ்கி குளியலறை வாசலில் பனியனோடு நின்றிருந்தான். முகம் முழுக்க சோப்பு நுரை, கையில் ரேசர்.

ரமலான் நோன்புக்கு முன்பு வேலை தேடி ஊரிலிருந்து வந்த மச்சான் ரத்வான், கூடத்து சோபாவில் படுக்கை போட்ட நாளிலிருந்து அவனைத் துரத்த ஷவ்கி ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தான். இன்று அது கையிலேயே கிடைத்துவிட்டது.

“நான் இறுக்கித் திருகி வச்ச ரேசர் இது. இன்னிக்குப் பாத்தா கைப்பிடி லொடலொடங்குது. நேத்தும் இதே கதை. என் ரேசரை எவன் கழட்டினது?”

“மச்சான், எனக்குத் தாடி இருக்கு,” என்றான் ரத்வான். இருந்தது. நெஞ்சுவரை, ஒரு நரைகூட இல்லாமல் கன்னங்கறேலென்று.

“தாடி மூஞ்சியிலதான இருக்கு? கழுத்து இல்லையா, அக்குள் இல்லையா? ரேசர்ல புளிச்ச வாடை அடிக்குது. எங்க வச்சு வழிச்சன்னு கேக்கவே எனக்குக் கூசுது.”

அடுக்களையிலிருந்து அக்காள் பஹியா தேநீரோடு ஓடிவந்தாள். “ஏங்க, சாப்பிடற நேரத்துல...”

“உன் தம்பிக்கு நீ வக்காலத்து வாங்காத.”

பஹியா தேநீரைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். முன்பு ஒருமுறை அந்த ரேசரைப் பற்றி அவள் ஏதோ சொல்லப் போய், அவரைக்கூழ்த் தட்டு சுவருக்குப் பறந்தது. அந்த எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை.

“அசல் பித்தளை,” என்று ஷவ்கி ரேசரை வெளிச்சத்தில் ஆட்டிக் காட்டினான். “குழாய்ல காட்டி ஒரு உதறு உதறுவேன், அவ்வளவுதான். எப்படிப் பளபளங்குது பாரு. இதுல கண்டவன் அழுக்கும் ஏறினா என் மூஞ்சி என்னத்துக்கு ஆகும்?”

ஷவ்கிக்கு முகம்தான் பிழைப்பு. அலெக்சாந்திரியாக் கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டலின் வாசலில் நின்று, வருகிறவர்களுக்குச் சிரித்துக் கதவு திறக்கும் உத்தியோகம். போன வருடம் தாடையெல்லாம் சிவந்து கொப்புளம் போட்டு, மேனேஜர் அவனைப் பின்கட்டு சாமான் அறைக்கு விரட்டிவிட்டார். நோன்புப் பெருநாள் சமயத்தில்தான் முகம் தெளிந்து மறுபடி வாசலுக்கு வந்தான். எல்லாம் கடைத்தெருவில் வாங்கிய புது சோப்பின் மகிமை என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

“சுத்தி வளைக்காத. என் ரேசரைத் தொட்டியா இல்லையா?”

“தொட்டேன்.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

பஹியா கண்ணை மூடிக்கொண்டாள். ஷவ்கியோ லாட்டரி விழுந்தவன் போல் சிரித்தான். நேராக சோபாவுக்குப் போய், ரத்வானின் பையைத் தரையில் தலைகீழாகக் கொட்டினான். நீள அங்கி இரண்டு, தொழுகைத் தொப்பி, பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி, முள்ளெல்லாம் மழுங்கிய பழைய டூத் பிரஷ் ஒன்று. அவன் தேடிய பிளேடு மட்டும் இல்லை.

“எடுத்துக்கிட்டுக் கெளம்பு. இந்த வீட்ல உனக்கு இனிமே எடமில்லை.”

“சனிக்கிழமை அவனைக் கப்பல் பட்டறைல வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க,” என்றாள் பஹியா. “இப்பப் போனா அவன் எங்கங்க படுப்பான்? ஊருக்குத்தான் ரயிலேறணும். வேலை போயிடும்.”

“போகட்டும். அடுத்தவன் ரேசரை எடுக்கறவன் ஊர்லயே மாடு மேய்க்கட்டும்.”

ரத்வான் குனிந்து அங்கிகளை மடித்தான். தொப்பியைத் தலையில் வைத்து, மிஸ்வாக்கைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். பிரஷ்ஷை எடுக்கவில்லை.

“சொல்லித் தொலையேன்டா,” என்றாள் பஹியா.

“தொட்டியான்னு கேட்டாரு, தொட்டேன்னு சொல்லிட்டேன். வேற எதுவும் கேக்கலையேக்கா. வர்றேன்.”

கதவு சாத்திக்கொண்டது. படிகளில் அவன் செருப்புச் சத்தம் இறங்கியது. பஹியா அடுக்களைக்குள் போனாள்.

ஷவ்கிக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. தரையில் கிடந்த பிரஷ்ஷைக் காலால் எத்தினான். “பல்லு வெளக்கக் குச்சி வச்சிருக்கான். அப்புறம் இந்தத் தரித்திரம் எதுக்காம்?”

வெளியே எறியலாம் என்று குனிந்து எடுத்தான். ரேசரில் அடித்த அதே புளிச்ச வாடை அதிலும் அடித்தது. முட்களுக்கு நடுவே சோப்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அந்த சோப்பில், பொடிப்பொடியாக நரைத்த முடி.

ஷவ்கியின் கை தன் தாடைக்குப் போனது. நுரைக்கு அடியில் நேற்று முளைத்த நரை முடி விரலில் குத்தியது.

பஹியா அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். தலையில் முக்காடு, காலில் செருப்பு, தம்பியின் பின்னாலேயே படியிறங்கத் தயாராக இருந்தாள். கையிலிருந்த வினிகர் பாட்டிலை அவன் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

“இந்தாங்க. நாளைலேர்ந்து உங்க அழுக்கை நீங்களே தேய்ச்சுக் கழுவிக்குங்க.”