நாலு ஸ்க்ரூ

அட்டைப்பெட்டி கம்பெனியில் மூன்றாவது வெட்டு மெஷின் மட்டும் இன்று ஓடவில்லை. மேல் ஜன்னலிலிருந்து சாய்ந்து விழும் வெயிலில் காகிதத் தூசி மிதக்கிறது. மெக்கானிக் மண்டியிட்டு, கத்திக்கு முன்னால் கம்பிவலையைப் பொருத்திக்கொண்டிருக்கிறான். வலை இருந்தால் வேலை மெதுவாகிறது என்று சூப்பர்வைசர் கழற்றச் சொல்லி, ஏழு மாதமாக மூலையில் கிடந்த வலை. அதில் ஒட்டடைகூட இன்னும் போகவில்லை. போன வாரம் இந்தக் கத்தியில் மூன்று விரல்களைப் பறிகொடுத்தவளின் அக்கா, வலை மாட்டுவதைப் பார்க்கவென்றே வந்து பக்கத்தில் நிற்கிறாள். காலையில் ஆஸ்பத்திரியில் தங்கைக்குத் தலை வாரிவிட்ட எண்ணெய் இன்னும் அவள் கையில் பிசுபிசுக்கிறது. "இடது கையாலயே பின்னப் பழகிக்கிறேன்க்கா" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள் தங்கை. சிரிப்பு வரவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?"

"முடிஞ்சிடுச்சுக்கா. நாலு ஸ்க்ரூதானே" என்றவன், சொன்னது உறைத்ததும் தலையைக் குனிந்துகொள்கிறான். தள்ளி நிற்கும் சூப்பர்வைசர் கையிலிருக்கும் தாள்களைப் புரட்டுகிறார், ஒன்றையும் படிக்கவில்லை. அவள் மெல்லக் கையை நீட்டுகிறாள். கத்திக்கு ஒரு சாண் முன்னாலேயே விரல்நுனிகள் வலையில் முட்டி நிற்கின்றன. அழுத்திப் பார்க்கிறாள். வலை அசையவில்லை.

"சரியா இருக்காக்கா?" என்று கேட்கிறான் மெக்கானிக்.

அவள் கையை எடுக்காமல் அப்படியே நிற்கிறாள்.