ஆனை முள் கதவு

மதிலெல்லாம் சரிந்து, வாசற்கதவு மட்டும் மிஞ்சிய கோட்டை அது. வெளியே பார்த்தபடியே நின்ற கதவுக்குத் தன் முதுகுப் பக்கம் நடந்த எதுவும் தெரியாது. யானை முட்டாமலிருக்க அதில் சாண் நீள இரும்பு முட்கள் பதித்திருந்தார்கள். கொம்பி என்ற வெள்ளாடு, துருவில் மழுங்கிப்போன அந்த முட்களில் தினமும் முதுகைச் சொறிந்துகொண்டு, பக்கவாட்டில் சுற்றிப் போய்க் கோட்டைக்குள் மேயும்.

ஒருநாள் உள்ளே ஒரு யானையும் மேய்ந்தது. வயிறு நிறைந்ததும் கொம்பியின் பின்னாலேயே அசைந்து அசைந்து வெளியே வந்து, முட்களில் முதுகைத் தேய்த்தது. கதவு கிடுகிடுத்தது.

"வந்துட்டானுங்க! முன்னூறு வருஷமா இதுக்குத்தானே நிக்கிறேன்! கொம்பி, நீ எப்படியோ உள்ளே போவியே, ஓடிப் போய் ராஜாகிட்ட சொல்லு!"

அரிப்பு அடங்கியதும் யானை தன் வழியே போய்விட்டது.

"பாத்தியா? ஒரு அடி உள்ளே விட்டேனா?" கதவுக்கு மூச்சு வாங்கியது.

கொம்பிக்கு உண்மை வாய்வரை வந்துவிட்டது. நன்றாக அசைபோட்டு விழுங்கியது. பிறகு சுற்றிப் போய், சிம்மாசனம் இருந்த இடத்தில் முளைத்திருந்த புல்லை நாலு வாய் மேய்ந்துவிட்டுத் திரும்பியது.

"ராஜா என்ன சொன்னார்?"

"என்ன ஆனாலும் கதவை மட்டும் திறந்துடாதேன்னார்" என்றது கொம்பி, மென்றபடியே.