ஆறும் ஆறு மினாராக்களும்

எம்ரே தன் கைபேசியை ஜெயமலரின் பக்கம் திருப்பிப் பிடித்தான். தகப்பனைச் சொந்த ஊரான அதானாவில் அடக்கம் செய்த நாளில் எடுத்த வீடியோ.

தகப்பன் ஹாலித் இருந்த வீட்டைக் காலி செய்து கொடுப்பதற்காக அவன் துருக்கியிலிருந்து சுவிஸிலுள்ள கூர் நகருக்கு வந்திருந்தான். ஜெயமலர் எதிர் வீட்டுக்காரி. பெட்டி கட்ட உதவிக்கு வந்தவள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் ஜெர்மன் மட்டும்தான்.

உட்காரக் கதிரை ஒன்றும் மிஞ்சவில்லை. நின்றபடியே பார்த்தார்கள்.

திரையில் அகலமான ஓர் ஆறு. குறுக்கே வளைவு வளைவாக ஒரு கல்பாலம்.

"ரோமர் காலத்துப் பாலம்," என்றாள் ஜெயமலர். "இப்ப வாகனம் போகேலாது. நடந்துதான் போகலாம், என்ன?"

எம்ரே நிமிர்ந்து பார்த்தான்.

கரையோரம் ஆறு மினாராக்களோடு ஒரு பெரிய பள்ளிவாசல் வந்தது. இது புதிது, பழைய பள்ளி கடைத்தெருப் பக்கம், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட இருக்கிறது என்றாள். அங்கே ஒரு தேவாலயமும் உண்டு. அதன் உச்சியிலுள்ள மாதா சிலை கீழேயிருந்து பார்க்கக் குழந்தை மாதிரித் தெரிவதால், ஊர்ச்சனம் அதைக் குழந்தைக் கோயில் என்றே சொல்லும்.

"நீங்கள் அதானாவுக்கு வந்திருக்கிறீங்களோ?"

"இல்லை. உங்கட அப்பா சொல்லுவார்."

"எங்களோட அவர் இவ்வளவு கதைச்சதில்லை," என்றான் எம்ரே.

திரையில் ஆண்கள் பிரேதப் பெட்டியைத் தோளில் தூக்கிப் போனார்கள். மயானத்துக்கு அப்பால் பருத்தி வயல். எந்தப் பக்கமும் மலை இல்லை. கூரில் எங்கே பார்த்தாலும் மலை மறிக்கிறது, எங்கள் ஊரில் வானம் தரை வரைக்கும் இறங்கி வரும் என்று ஹாலித் குறைப்பட்டுக்கொள்வார். உண்மைதான்.

ஜெயமலரின் கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளோடு வேலை செய்யும் கோசலா.

"இண்டைக்கும் லீவோ? அயல்வீட்டு மனுசன் செத்ததுக்கு நீ ஏனப்பா இப்பிடி நிக்கிறாய்?"

பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

எம்ரே சுவரில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அம்மா செத்த பிறகு எங்களோட வந்து இருங்கோ எண்டு எவ்வளவோ கேட்டம். மாட்டன் எண்டுட்டார். கடைசியில ஒருத்தரும் பக்கத்தில இல்லாமல் செத்துப்போனாரே!"

ஜெயமலர் வாயைத் திறந்தாள். சூரிச்சில் இருக்கும் தன் மகனின் முகம் நினைவுக்கு வந்தது.

"நித்திரையிலதான் போனவர். ஒரு நோவும் இல்லை."

"டொக்டர் சொன்னவரோ?"

"ஓம்."

அவன் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னான். அப்பாவுக்கு நல்ல அயலவர் வாய்த்திருந்தார் என்றான்.

அவள் தன் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். சத்தம் அவனுக்குக் கேட்டுவிடாமல் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

டொக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அன்று விடியற்காலை ஹாலித் அவள் தோளில் தலைவைத்துத்தான் படுத்திருந்தார். கடைசி மூச்சு அவள் கழுத்தில் பட்டது.