ரெண்டு சுவரும் ஒரு பீரோவும்

இன்டர்நெட் கம்பெனி விற்பனையாளருக்கு இரண்டாவது சொம்புத் தண்ணீரும் காலியாகிவிட்டது. கணவனும் மனைவியும் கேள்வியை நிறுத்துவதாக இல்லை.

“மழை பேஞ்சா கட் ஆகுமா?”

“இடியே விழுந்தாலும் ஆகாது சார்.”

“நாலு பேர் ஒரே நேரத்துல படம் பார்க்கலாமா?” என்றாள் மனைவி.

“பத்துப் பேர்கூடப் பார்க்கலாம் மேடம்.”

“சுவர் தாண்டி வருமா?” என்றார் கணவர்.

“ரெண்டு சுவர் தாண்டும்.”

“நடுவுல ஒரு பீரோ இருக்கே?”

“மோடத்தை ஜன்னல் பக்கம் வச்சா அதையும் தாண்டும் சார்.”

“அப்ப இதையே போட்டுடலாம்.”

விற்பனையாளருக்குப் போன உயிர் திரும்பியது. “எந்த ரூம்ல சார்?”

“இங்க இல்லீங்க, பக்கத்து வீட்டுல. இன்னிக்குத்தான் புதுசா குடி வந்திருக்காங்க. போய் எப்படியாவது பேசி இதையே போட வைங்க. முன்ன இருந்தவர் எங்களை ஒரு வார்த்தை கேக்காம ஒரு டப்பா கனெக்‌ஷனைப் போட்டு, நாங்க பட்ட பாடு போதும்!”

விற்பனையாளர் திருதிருவென விழித்தார். “நீங்களே அவங்ககிட்ட சொல்லலாமே சார்?”

“முன்பின் தெரியாதவங்ககிட்ட போய் எப்படிங்க பேசறது?” மனைவி கூச்சத்தோடு சொன்னாள். “முதல்ல பாஸ்வேர்டு வாங்கிக்கறோம். அப்புறம் மெதுவா பழகிக்கலாம்.”