ஒரு ஜோடிக்குத்தான் இடம்

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அருள்பாண்டி மனைவியின் செல்போனை எடுத்தான். கல்யாணமான ஆறு வருடத்தில் ரோகிணியின் போனை அவளுக்குத் தெரியாமல் அவன் தொட்டதே இல்லை.

பூட்டைத் திறக்கும் எண் அவர்களுடைய கல்யாணத் தேதிதான். அதை அழுத்தும்போது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அழுத்தினான்.

அவன் தேடியது எவனுடைய மெசேஜையும் இல்லை. அவள் வேலை பார்க்கும் ஐ.டி. கம்பெனி தரும் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் பாரத்தைத்தான்.

போன வாரம் சோறு போட்டுக்கொண்டே அவள்தான் பேச்சை எடுத்தாள். "அப்பா அம்மா, இல்லாட்டி மாமனார் மாமியார். ரெண்டுல ஒரு ஜோடியத்தான் சேர்க்க முடியுமாம். யாரப் போடட்டும்?"

'எங்கப்பாவைப் போடு' என்று நாக்கு நுனி வரை வந்தது. கொட்டாம்பட்டியில் இருக்கும் அவன் அப்பா சின்னச்சாமிக்கு இருதயத்தில் அடைப்பு. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தவளிடமே கையேந்துவதா என்று டைல்ஸ் கடை சேல்ஸ்மேனான அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"உன் கம்பெனி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டான்.

அப்புறம் ஏஜென்ட் இம்மானுவேலிடம் தனியாக ஒரு பாலிசி விசாரித்தான். "இருக்குற வியாதிக்கு மூணு வருசம் பொறுக்கணும்ணே" என்றார் அவர். "கம்பெனில குடுக்குறதுன்னா மொத நாளே செல்லும். மதினிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

அந்த ஒரு வார்த்தைதான் வாயிலிருந்து வரவில்லை. இன்று வெள்ளிக்கிழமை, கடைசி நாள். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம், பன்னிரண்டுக்குப் பாரத்தைப் பூட்டிவிடுவார்கள்.

"எல்லாம் போட்டு வச்சிட்டேங்க. தலைக்குக் குளிச்சிட்டு வாரேன், வந்து நல்ல நேரத்துல சப்மிட்ட அமுக்கணும். ஒருவாட்டி அமுக்குனா ஒரு வருசத்துக்கு மாத்த முடியாதாம்" என்று சொல்லிவிட்டுத்தான் ரோகிணி போயிருந்தாள்.

பாரம் திறந்தது. பெயர்களைப் பிறகு கேட்பார்கள் போல. இரண்டே இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. அப்பா அம்மா என்ற கட்டம் காலி. மாமனார் மாமியார் என்ற கட்டத்தில் டிக்.

அருள்பாண்டிக்குச் சுருக்கென்றது. சமயநல்லூரில் மாமனார் ரிட்டயர்டு வாத்தியார். பென்ஷனோடு காப்பீட்டு அட்டையும் வைத்திருக்கிறார், தினமும் காலையில் கண்மாய்க்கரை வரை வேகநடை நடக்கிறார். அவருக்குப் போய் எதற்கு இன்னொன்று?

நேரே கேட்கத் துப்பில்லாமல் இப்படித் திருடிப் பார்க்கிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே, மாடிப்படி ஏறமுடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அப்பாவின் முகமும் வந்தது.

டிக்கை எடுத்தான். அப்பா அம்மா கட்டத்தில் வைத்தான். தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கியும் விட்டான்.

தலையில் துண்டோடு வந்த ரோகிணி போனைப் பார்த்ததும் திகைத்தாள். "ஏங்க, இது போயிருச்சே! யாரு அமுக்குனது?"

"நான்தான்." அவளை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு முகமில்லை. "திருட்டுத்தனந்தான், மன்னிச்சிரு. நீ மாமனார் மாமியாரப் போட்டிருந்த. எங்கப்பா படுற பாட்டப் பாக்க முடியல ரோகிணி. அதான் அத எடுத்துட்டு அப்பா அம்மான்னு மாத்திட்டேன்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க வீட்ல நானே வந்து பேசுறேன்" என்றான் அவசரமாக. "மாமா என்ன திட்டுனாலும் வாங்கிக்கிறேன். இந்த ஒரு வருசம் மட்டும் விட்டுக்குடுக்கச் சொல்லு."

ஈரத்தலையோடு அவள் அவனையே பார்த்தாள்.

"பாரம் என் பேர்லங்க... எனக்கு மாமனாரு உங்க அப்பாதானங்க!"