கையில் ஒரு பை

"தினம் நடக்கலைன்னா இதயம் தாங்காதும்மா. காசு கேக்காத மருந்து இது," என்றார் டாக்டர். வேலையில்லாமல் தெருவில் நடந்தால் சிரிப்பார்கள் என்று என் மனைவி செண்பகவல்லி கையில் ஒரு பையோடு கிளம்புவாள். வெறும் பையோடு திரும்பவும் கூச்சம். எதையாவது வாங்கி வருவாள். "மாத்திரையே மலிவு போலிருக்கே," என்பேன். ஒருநாள் விளக்கு வைத்த பிறகும் அவள் வரவில்லை. தெருமுனை தாண்டினாலே மூச்சு வாங்கி நின்றுவிடுபவள். தேடிப் போனேன். "அக்கா இப்பத்தான் போனாங்க," என்றாள் பூக்காரி. கடைத்தெரு முடிவில் சைக்கிள் கடைக்காரரும் அதையே சொன்னார். ஊர் எல்லையில், ஆற்றுப் பாலத்தில் சோளம் சுட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, கைய வீசிப் போனாங்களே, அவங்களா? கொஞ்சம் எட்டி நடந்தா புடிச்சிரலாம்ணே." பாலத்துக்கு அப்பால் ஒரு கடையும் கிடையாது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.